குப்பைக்கூடையில் உருளைக்கிழங்கு வில்லைகள்

யெசேனியா,

கயாவோ மீன்சந்தைக்குக் கிளம்பிவிட்டேன். பருப்பு அடுப்பில் இருக்கிறது, சோறு மட்டும் வைத்துக்கொள். சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று உன் கண் சிவந்து நீர் வடிந்ததைப் பார்த்து, என் திட்டுக்குத்தான் அழுகிறாய் என்று உருகிப்போனேன். “பொண்ணு வெல்டிங் பண்ணப் போனா எவன்டி வேலை குடுப்பான்?” என்று கேட்டிருக்கக் கூடாதென்று என்னையே நொந்துகொண்டு, உனக்குப் பிடித்த பாகு ஊற்றிய பிக்கரோனெஸ் பணியாரம் நாலு வாங்கி வந்தேன். நீயும் நாலையும் ஒன்று விடாமல் தின்றாய்!

இன்று குப்பைக்கூடையில் வாடிய உருளைக்கிழங்கு வில்லைகளைப் பார்த்தேன். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள்தான் எரிச்சலுக்கு அதைக் கண்ணில் வைப்பார்கள். வில்டர் மாமா அந்த வேலை பழகிய காலத்தில் அவனுக்கு நறுக்கிக் கொடுத்தவளே நான்தானடி. படிப்பா வெல்டிங்கா என்று கேட்டதற்கு, “வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்றேம்மா” என்றாய். அதற்குள் வெல்டிங் பட்டறைக்கே போய்விட்டு வந்திருக்கிறாய். நீ போனதைவிட மறைத்ததுதான் எனக்கு எரிகிறது.

பல்கலைக்கழகப் படிவம் மேசையிலேயே இருக்கிறது. அதைக் கிழித்துவிடாதே.

மாமா பதினொரு மணிக்கு வருவான். அவனிடம் கண்ணைக் காட்டு. “தூசி விழுந்துருச்சு மாமா” என்று அவனிடமும் கதை விடாதே.

அம்மா

மிச்சக் கிழங்கு ஞாயிற்றுக்கிழமை காவுசா செய்ய, மசித்து மீனோடு அடுக்குவதற்கு. தொடாதே.

இன்னொன்று. மாமாவின் பழைய வெல்டிங் முகமூடியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் தலை பெரிது, பட்டையை இறுக்கிப் போட்டுக்கொள்.