சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு மாதிரி வாசகம்

திங்கள், 3

பத்து மணிக்கே கோட்டைப் பாறையிலிருந்து அனல். ஜன்னல் சாத்தியாயிற்று. லேப்டாப்புக்கு அடியில் இரண்டு மரக்கட்டை, காற்றுப் போக.

சாதிக் பாய் போன். அவருடைய கல்யாண மண்டபத்தின் இணையதளம்தான் இப்போது என் கையில் இருக்கும் ஒரே வேலை. விதைக் கடை போன வருடம் போயிற்று. நர்சரிப் பள்ளி அதற்கு முன்பே.

"மேடம், விழுப்புரத்துல ஒரு கம்பெனிக்காரங்க டெமோ காட்டுனாங்க. எழுத்தெல்லாம் பறந்து வந்து உக்காருது. நம்மளுது அசையவே மாட்டேங்குதே."

"எழுத்து எதுக்குப் பறக்கணும்? படிக்கத்தானே?"

"இப்ப அதான் ஃபேஷன் மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களும் புதுசா ஒண்ணு காட்டுங்க. புடிச்சிருந்தா உங்களாண்டயே இருக்கட்டும். இல்லன்னா அவங்களாண்ட குடுத்துடறேன்."

நேராகச் சொன்னார். அது பிடித்தது. மற்றது பிடிக்கவில்லை.

செய்ய மாட்டேன்:
– ஊதாவிலிருந்து நீலத்துக்கு வழியும் பின்னணி. எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே கத்தரிக்காய்.
– வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து.
– தானே நகரும் படங்கள். பார்த்து முடிக்கும் முன் ஓடிவிடும்.
– மூலையில் குதித்து "உதவட்டுமா?" என்று கேட்கும் பொம்மை.

செய்யலாம்: கறுப்புப் பின்னணி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கே அது சுகம்.

பால் தீர்ந்துவிட்டது. வாங்க மறந்தேன்.

செவ்வாய், 4

புழுக்கம். புது எடிட்டர் இறக்கினேன். நிரல் எழுத ஆரம்பித்தால் மீதி வரியை அதுவே சாம்பல் நிறத்தில் முன்கூட்டிச் சொல்கிறது. பாதி நேரம் சரியாகவும் சொல்கிறது. என் கணவர் இருந்தவரை அவரும் இப்படித்தான், நான் வாயைத் திறந்ததும் மீதியைச் சொல்லிவிடுவார். எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். அணைத்து வைத்தேன்.

நான்கு மணிக்குத் திரும்பப் போட்டேன்.

ஓரம் நான்கு பக்கமும் சரி. கான்வென்டில் மார்ஜின் விடாமல் எழுதினால் சிஸ்டர் தாளையே கிழிப்பார். இன்றுவரை ஓரம் விஷயத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது.

விவரம் வருவதற்கு முன் இடத்தை நிரப்ப மற்றவர்கள் லத்தீன் வாசகம் போடுகிறார்கள். அதை வைத்துத் தமிழ் வரி எங்கே உடையும் என்று தெரியாது. நான் அந்த நேரத்தில் கைக்கு வருவதைத் தட்டிவிடுவேன், பிறகு அழிப்பேன். 'மணமகள் அறை'க்கு மளிகைப் பட்டியல். 'வாகன நிறுத்தம்' பக்கத்துக்கு எதிர்வீட்டு நாய். 'சாப்பாட்டுக் கூட'த்துக்கு ஏதோ நாலு வரி.

புதன், 5

அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் விடியற்காலையிலிருந்து. ஊரே போனும் கையுமாக. நெட்வொர்க் ஊர்கிறது.

ஒரு விதத்தில் நல்லது. இன்று திறக்கும் பக்கம் என்றும் திறக்கும். பழைய மலிவுப் போனில் சோதித்தேன், என் முதல் பக்கம் உடனே வந்தது. விழுப்புரத்தார் டெமோ, நான் காபி போட்டுக் குடிக்கும்வரை வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

புதுப் பக்கங்களை, வெளியார் பார்க்க முடியாத சோதனைக் கோப்புறையில் ஏற்றினேன். மூன்று தடவை அறுந்தது. நான்காவது தடவை ஏறிவிட்டது. தலைவலி. படுத்துவிட்டேன்.

வியாழன், 6

மேகம், மழை இல்லை. தினமும் காலையில் மண்டபத் தளத்தின் விசாரணைப் படிவத்தில் (புதிதாக்காமல் விட்ட ஒரே பக்கம்) 'சோதனை' என்று எழுதி அனுப்புவேன். என் போன் மணி அடிக்கும். இன்றும் அடித்தது. வேறு யாரும் அடிக்கவில்லை.

வெள்ளி, 7

ஒன்பது மணிக்கு சாதிக் பாய்.

"மேடம், நல்லா இருக்கீங்களா?"

அவர் ஒருநாளும் இப்படி ஆரம்பித்ததில்லை. மூன்று மணிக்குக் காட்டுகிறேன் என்றேன்.

"அது கெடக்கட்டும். சாப்பாட்டுக் கூடத்துல இன்னாமோ எழுதியிருக்குதே? அனந்தபுரத்துப் பொண்ணு வூட்டுக்காரங்க போன் பண்ணி, 'இன்னா பாய், உங்க மண்டபத்துல யாரோ தனியா சாப்புடறாங்களாமே, நாங்க வேணா கூட ஒக்காரட்டா'ன்னு ஓட்டறாங்க."

திறந்து பார்த்தேன். சோதனைக் கோப்புறை காலி. நான்காவது தடவை ஏறியது நிஜத் தளத்தின் மேல். புதன் மதியத்திலிருந்து ஊர் முழுக்கப் பார்க்கும்படி:

'இரண்டு தட்டு எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன். ரசத்தில் இன்று உப்பு சரியாக இருந்தது. சொல்ல ஆளில்லை.'

"அது மாதிரி வாசகம் பாய். எழுத்து எப்படி உட்காருதுன்னு பார்க்கறதுக்கு."

"மாதிரிக்குப் போட்டாப்ல இல்லியே மேடம்." உடனே பேச்சை மாற்றினார். "உடுங்க, எடுத்துட்டாப் போச்சு. கறுப்பா போட்டது நல்லாத்தான் இருக்குது. உங்களாண்டயே இருக்கட்டும்."

எடுத்துவிட்டேன். தளம் என்னிடமே. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

பதினொன்றுக்கு அவர் மனைவி நூர்ஜஹான். என் பழைய மாணவி, கம்ப்யூட்டர் வகுப்பில் கடைசி பெஞ்சு.

"மிஸ், ஞாயித்துக்கிழம நம்ம வூட்ல சாப்டுங்க."

"எனக்கு வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமையில இன்னா வேலை மிஸ்? வாங்க. உப்பு சரியா கீதான்னு நீங்கதான் சொல்லணும்."

அந்தக் குரலில் இருந்த இரக்கம். வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கடவுச்சொற்களை வரிசையாக எழுதி சாதிக் பாய்க்கு அனுப்பினேன். விழுப்புரத்தாரிடமே கொடுத்துவிடுங்கள், எனக்கு நேரமில்லை என்று.

நேரமில்லை.

ஞாயிறு, 9

ரசம். தட்டு ஒன்றுதான் எடுத்தேன்.

வெள்ளி, 14

எடிட்டரைத் திறந்தேன். எழுத எதுவும் இல்லை. எதுவும் எழுதாமல் அதுவாக ஒன்றும் சொல்லாது. மூடினேன்.

சனி, 22

நேற்றுத் தூறல். மண்டபத்தின் புதுத் தளம் வந்துவிட்டது. திறக்கக் கூடாது என்றிருந்தேன். ஊதா. நீலம். பொம்மை குதிக்கிறது.

சாப்பாட்டுக் கூடம். ஒவ்வொரு வார்த்தையாகப் பறந்து வந்து உட்கார்ந்தது. இரண்டு. தட்டு. எடுத்தேன்.

விழுப்புரத்தார் அந்த இரண்டு நாளுக்குள் பழைய பக்கங்களை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. அழிக்க என்னிடம் இப்போது கடவுச்சொல் இல்லை.

போதாததற்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்தது. 'தட்டு' என்ற சொல்லின் தலையை, மேல் வரியிலிருக்கும் 'கூடம்' தன் வாலால் மிதிக்கிறது. அதைப் பொறுக்க முடியவில்லை. விசாரணைப் படிவத்தில் எழுதினேன். பெயர். தேதி. விருந்தினர் எண்ணிக்கை, கட்டாயம். 1 என்று போட்டேன்.

சிவப்பில்: குறைந்தபட்சம் 50.

சரியான கட்டுப்பாடுதான். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நூர்ஜஹானுக்கே போன் போட்டேன்.

"மிஸ்ஸா!"

உங்கள் தளத்தில் வரி இடைவெளி தப்பு, அவர்களிடம் சொல் என்றேன்.

"சொல்றேன் மிஸ். அந்த நாலு வரியையும் எடுக்கச் சொல்லிடட்டா?"

எடுக்கத்தான் வேண்டும், கல்யாண மண்டபத்துக்குப் பொருந்தாது என்றேன். பிறகு, நாளைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டேன்.