கூரை போட்ட பாலம்

பார்த்திப வருஷம், பங்குனி 4

சைகோனில் அண்ணாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஊர் திரும்பியிருக்கிறார். காலையில் அவரைப் பார்க்க உறையூர் போனேன்.

"ஜுரம்தாங்க. மூணே நாள். ஐப்பசியிலேயே முடிஞ்சிடுச்சு" என்றார். அண்ணா எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு படக் கார்டையும் கொடுத்தார்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் உடனே தலைமுழுக வேண்டும். கால் தானாகக் காவேரிக்குப் போயிற்று. கார்டைக் கரையில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு, கட்டிய வேஷ்டியோடு முழுகினேன். வீட்டு வாசலில்தான் புத்தி வந்தது.

"என்னடா இப்படி நனைஞ்சிருக்கே?" என்றாள் அம்மா.

"காவேரிப் பாலத்து மேல வரச்சே நல்ல மழைம்மா."

அண்ணா கார்டு கொடுத்தனுப்பியிருக்கிறான் என்றேன். படிக்கச் சொன்னாள். படித்தேன். 'ஃபைஃபோ என்கிற பழைய ஊரைச் சுற்றிப் பார்த்தேன். இங்கே பாலத்துக்கு ஓட்டுக் கூரை, பக்கத்திலேயே ஒரு கோயில். ஹுவேயில் பெரிய இரும்புப் பாலம். உங்களுக்கெல்லாம் காட்ட வேண்டும்.'

அம்மா சிரித்தாள். "பாலத்துக்குக் கூரையா! நம்ம பாலத்துக்கும் இருந்திருந்தா நீ நனைஞ்சிருக்க மாட்டே."

மன்னி கார்டை வாங்கினாள். கட்டை விரலால் தன் புருஷன் எழுத்தைத் தடவினாள். ஓர் எழுத்துகூடக் கரைந்திருக்கவில்லை. என் ஈரத் தலையைப் பார்த்தாள். கொல்லைக்குப் போனாள்.

கிணற்று ராட்டினம் சத்தம் கேட்டது. பிறகு குடம் குடமாகத் தண்ணீர் விழுகிற சத்தம்.

"காலம்பரதானே தீர்த்தமாடினா?" என்றாள் அம்மா.