நாப்பது கிராம்

மிசாவோ,

மலைக்கு ஆறு மணி பஸ், அதான் எழுப்பல. சூப் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கோ. நாளைக்கு சாயங்காலம் வந்துடுவேன். நாளன்னிக்கு மாமாவுக்கு மந்திரம் ஓத பிக்கு வராரு. மாமாவோட ஆவி வீட்டுக்கு ஏறி வர்ற, குச்சிக் கால் வெச்ச வெள்ளரிக்கா குதிரைய நீயே செஞ்சிடு. நான் செஞ்சா நிக்காது.

நேத்து சமையல் தராசுல கேமராவ வெச்சு எடை பாத்தேன். நீ கதவச் சாத்திக்கிட்டுப் போன. அப்புறந்தான் எனக்கு உறைச்சுது. போன வருஷம் மாமாவோட மலை ஏறக் கிளம்பினப்பவும் இதே தராசு. பெரிய லென்ஸ், முக்காலி எல்லாத்தையும் விட்டது சரி. நீ வெச்ச மாத்து பேட்டரியயும் வெளிய எடுத்துப் போட்டேனே! நாப்பது கிராம் குறைஞ்சுதுன்னு பெருமை வேற.

சோகாதகே உச்சியில மேகம் விலகுற வரைக்கும் மேகத்தையே எடுத்துத் தீர்த்தேன். விலகினதும் மாமா தொப்பியக் கழட்டி, "மாப்ள, இப்ப எடுப்பா"ன்னு சிரிச்சாரு. கேமரா செத்துப்போச்சு.

பனிக்காலத்துல அவரும் போயிட்டாரு. படையலுக்கு வெக்க வேற படமில்லாம லைசென்ஸ் போட்டோவப் பெருசு பண்ணினோம். அதுல முறைச்சுக்கிட்டிருக்காரு. நீ ஒரு நாள்கூட சொல்லிக்காட்டல. காட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் நின்ன பாறையப் படம் எடுத்துட்டு வரேன். ஆளில்லாத பாறைதான், தெரியும்.

ஃபுமியோ

தராசக் கழுவி மேல்தட்டுல வெச்சிட்டேன்.

இன்னொண்ணு, ஷூ மாட்டும்போது எழுதறேன். நான் ரெண்டு பேட்டரிதான் வெச்சேன். பையில இப்ப மூணு இருக்கு.