ஒத்திகை வாரம்

மார்ச் 4

காலை ஷிப்ட். ஆலையில் இரண்டாம் பாய்லரில் குழாய் கசிவு. அதோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், தட்டு வைக்க இடமில்லை. என் மனைவி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறாள். தலைப்பு, ஓய்வுபெறப் போகிறவர்கள் அதற்கு எப்படித் தயாராகிறார்கள் என்பது. வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் நவம்பரில் ஓய்வுபெறுகிறான். அவனை ஒரு வார்த்தை கேட்டாளா?

இன்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "என்னையும் சேர்த்துக்கயேன்."

"சொந்த வீட்டு ஆளைச் சேர்க்கக் கூடாதுங்க. அதான் விதி."

"நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்?"

"நீங்க உண்மையே சொன்னாலும், எனக்கு வேண்டியதைத்தான் நான் எழுதிக்குவேன். சாப்பிடுங்க."

இத்தனை வருஷம் நெருப்புப் பக்கத்தில் நின்றவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

மார்ச் 19

அழுதுகொண்டு வந்தாள். இவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

அவளாகக் கண்டுபிடித்த ஒரு முறை இருக்கிறது. ஒத்திகை வாரம் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஓய்வுக்குச் சில மாதம் இருக்கும்போது ஒருவர் ஒரு வாரம் லீவு போட வேண்டும். ஊருக்கெல்லாம் போகாமல், ஓய்வுபெற்றுவிட்டவராகவே வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். வாரம் எப்படிப் போனது என்று அவரிடமும் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்பாள். நிஜமாகவே ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆனதும் மறுபடி போய்க் கேட்பாள். இதற்காக நாலு வருஷமாக, கல்லூரி முடிந்த கையோடு பஸ் மாறிப் பஸ் மாறி அலைந்திருக்கிறாள்.

இன்று ஆய்வுக் குழுவில் ஒரு பேராசிரியர் சொன்னாராம்: "லீவு வேற, ரிட்டயர்மெண்ட் வேறம்மா. இது விளையாட்டு. இந்த அத்தியாயத்தை எடுத்துடுங்க." வழிகாட்டியும் கை கழுவிவிட்டார். வைத்துக்கொண்டு வாய்மொழித் தேர்வில் தோற்றால் தன்னைக் கேட்கக்கூடாதாம். அதை எடுத்துவிட்டால் அப்புறம் ஆராய்ச்சியில் என்னதான் இருக்கிறது?

எனக்கு வந்ததே கோபம்! விளையாட்டாமே. யோவ், அவ எத்தனை வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டியிருப்பா, உனக்குத் தெரியுமாய்யா?

மார்ச் 20

எடுக்கப் போவதில்லையாம். பல் தேய்த்துக்கொண்டே, வாயில் நுரையோடு சொன்னாள். என் பெண்டாட்டி!

ஜூன் 10

கணக்கில் சேராவிட்டால் போகட்டும். நானும் நாளையிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டுவிட்டேன். எப்படி இருக்க வேண்டும் என்று இவளுக்கே காட்டுகிறேன். எல்லாம் தயார். மூன்று புத்தகம், நடப்பதற்குப் புதுச் செருப்பு, மாடியில் வைக்கத் தொட்டிச் செடிகள்.

ஜூன் 12

அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிந்தது. அப்படி எரியக்கூடாது. பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இவள் சமையல் பாதியில் நின்றது. சும்மா இருப்பானேன் என்று டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிவைத்தேன். உப்பைக் காணவில்லை என்று ஒரு சண்டை.

"நான் என்ன உங்க ஷிப்ட் ஆளா?" என்றாள்.

புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஜூன் 13

எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஆலையின் புகைபோக்கி தெரியும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவன் பார்த்தேன். கரும்புகை! என் உதவியாளனுக்கு 'அவசரம்' என்று பெயர், நாங்கள் வைத்ததுதான். போன் போட்டேன்.

"காத்து பத்தலடா. காத்து வழியைத் திற."

"அண்ணே, நீங்க லீவு."

"புகை லீவு போடலையே!"

கொஞ்ச நேரத்தில் பாய்லர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் போனேன், எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன், எதுவும் நினைவில்லை.

மூணாவது நாளே ஓடிட்டேன். த்தூ.

வீட்டுக்கு வந்தால் இவள் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய விஷயம். "உட்காருங்க, பேசலாம்" என்றாள். பேசினோம், கல்யாணமான புதிதில் பேசியது போல. காலையில் சமையலறை அவளுடையது, நான் எட்டிப் பார்க்கக் கூடாது. ராத்திரிச் சமையல் என்னுடையது, அவள் குறை சொல்லக் கூடாது. மொட்டைமாடிக்குத் தினமும் போவேன், ஆனால் போன் கீழே இருக்கும். இதில் கடைசிதான் கஷ்டம்.

அக்டோபர் 28

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. நவம்பர் 30. வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அன்றுதான் ஒழிகிறதாம்.

அன்றுதான் என் கடைசி நாள்.

"மாத்தித் தரச் சொல்றேங்க. உங்களை வழியனுப்புற நாள்ல நான் இல்லாம எப்படி?" என்றாள்.

"மாத்திப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு!" என்று கத்திவிட்டேன்.

விழாவைக் காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த நேரத்துக்கு மேலாளர் வரமாட்டார் என்கிறான் அவசரம். மேடை, பேச்சு ஒன்றும் இருக்காது. எத்தனை பேரை அந்த மேடையில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்... சரி, விடு.

நவம்பர் 30

விடியற்காலையில் பாய்லர் பக்கத்திலேயே பையன்கள் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். அவசரம் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பொறுப்பை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, கரி படிந்த பூட்ஸோடு பல்கலைக்கழகம் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

தேர்வாளர் ஒல்லியான மனிதர், சிரிக்காதவர். நேராக அந்த அத்தியாயத்துக்குத்தான் வந்தார். "லீவு ஒரு வாரத்துல முடிஞ்சிடும். ரிட்டயர்மெண்ட் முடியாது. அப்புறம் இது எப்படி ஒத்திகை?" விளையாட்டு என்று சொன்ன அந்தப் பேராசிரியர் முன்வரிசையில் தலையாட்டினார்.

இவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "முடிஞ்சிடும்னு தெரிஞ்ச ஒரு வாரத்தையே தாங்க முடியலைன்னா, அதை வேலையில இருக்கும்போதே தெரிஞ்சுக்கிறது நல்லதில்லையா சார்?"

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கிற வாய்மொழித் தேர்வில் அது வழக்கமாம். யாரும் எழவில்லை. நான் எழுந்துவிட்டேன்!

"நீங்க யாரு?"

"பாய்லர் ஆபரேட்டர் சார். இன்னைக்கு ரிட்டயர் ஆகறேன்."

"இவங்க ஆய்வுல இருக்கீங்களா?"

"இல்ல சார். சேர்த்துக்க மாட்டேன்னுட்டாங்க."

அரங்கமே சிரித்தது. இவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்டேன்: "ஒத்திகையில பாதியிலேயே வேலைக்கு ஓடிப்போனவங்க கடைசில என்ன ஆனாங்க?"

என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். "ஆறு மாசம் கழிச்சுப் போனப்ப, பெரும்பாலும் அவங்கதான் நிம்மதியா இருந்தாங்க. எல்லாம் தயார்னு சொல்லி வாரத்தை அமைதியா ஓட்டினவங்க நிறையப் பேர் தடுமாறிப் போயிருந்தாங்க. ஓடிப்போனவங்களுக்கு வீட்டுல உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைச்சுது. மத்தவங்களுக்கு அது கிடைக்கல."

தேர்வாளர் பேனாவை மூடினார். அந்த அத்தியாயம்தான் இந்த ஆய்வுக்கே உயிர் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேடை கிடைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பெருமை வந்திருக்காது.

டிசம்பர் 1

ஷிப்ட் நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. இவள் எனக்கு முன்பே எழுந்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அத்தியாயத்தைச் சின்னப் புத்தகமாக, ஓய்வுபெறப் போகிறவர்களே படிக்கிற மாதிரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறாராம் தேர்வாளர். முதல் இரண்டு பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

இரண்டாவது பத்தி புரியவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

குறுக்கே ஒரு கோடு போட்டாள். "நீங்கன்னா எப்படிச் சொல்வீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.