நடுவுல விட்ட நிரை

ஞாயிறு, ராத்திரி.

இன்னைக்குத் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து பறிக்கிற போட்டி. கொரோனாவால எல்லாரும் மாஸ்க் போடணும், ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு நிரைச் செடியைச் சும்மா விடணும். கிட்டப் போனா பேரை வெட்டிருவேன்னு எங்ககிட்ட வேலை வாங்குற கண்டாக்கையா ரெண்டு தரம் சொன்னாரு.

எனக்குத்தான் மொதல்ல முடிஞ்சுச்சு. எனக்குப் பக்கத்துல மாரியாயி, கொரோனா வந்து எந்திரிச்சவ, மூச்சு வாங்கிக்கிட்டுப் பாதியில நின்னா. முடிச்ச கையோட அவ நிரைக்குள்ள போயி, பறிச்சு அவ கூடையில போட்டேன். கொரோனா வர்றதுக்கு முன்னாடி பதினஞ்சு வருசமா அப்படித்தான் பழக்கம். விசில் ஊதினப்பதான் போட்டின்னு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பேர் பேரையும் வெட்டிட்டாங்க.

நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வர்ற வழியெல்லாம் மாரியாயி அழுதா. பரிசு போச்சேன்னு அழுறியான்னு கேட்டேன்.

"இல்லடி. நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாசமாச்சு. இன்னைக்குத்தான் ஒருத்தி என் நிரைக்குள்ள கால் வச்சிருக்கா."

அந்த ஒரு மாசமும் பக்கத்து நிரையில நின்னவ நான்தான்.