ஐந்து ஐம்பதுக்கு நிறைவேறியது

சனிக்கிழமை காலை

ஏரிக்கரையில் பதினொரு வாரமாகச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும் என் அருமைக் கணவருக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். அங்கே போன் கோபுரம் விழுந்ததிலிருந்து நமக்குக் கடிதமே கதி. உங்கள் பம்புகளுக்கு உதிரிபாகம் ஏற்றிய வண்டி மதியம் கிளம்புகிறது. அந்த ஓட்டுநரிடம் கொடுத்துவிடலாம் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. ஒன்பதாம் பிரிவு நிறைவேறிவிட்டது. போய் உங்கள் ஆட்களிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

இதில் என் கைவரிசையும் இருக்கிறது. மாநாட்டுக் கட்டடத்தில் நான் பார்க்கும் எலக்ட்ரீஷியன் வேலையெல்லாம் ஒரு உத்தியோகமா என்பாள் உங்கள் தங்கை. ஆனால் நூற்றுச் சொச்சம் நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில், ஏணிமேல் நின்று அத்தனை பேர் உச்சந்தலையையும் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். மூன்று வாரத்தில் ஒப்பந்தம் முழுவதும் முடிந்து, உங்கள் பிரிவு மட்டும்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. போர் நடக்கும் இடத்தில் நஞ்சு கலந்த நீரைச் சுத்தம் செய்யப் போகிறவர்களை, காயம்பட்டவர்களைத் தூக்கப் போகிறவர்களைப் போலவே நடத்த வேண்டும். இரு தரப்பும் சுடக்கூடாது, வழிவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒத்துவராத சொற்களை இவர்கள் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். அதற்குள் ‘முடிந்தவரை’ என்று ஒரு சொல் சட்டமாக உட்கார்ந்திருந்தது. முடிந்தவரை சுடமாட்டார்களாம். மகளிடம் சொன்னேன். “நானும் முடிஞ்சவரைக்கும் வீட்டுப்பாடம் எழுதறேன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா?” என்று கேட்டாள்.

யாரையும் குறை சொல்லி என்ன பயன்? ஒரு நாட்டில் வெள்ளம், ஒரு நாட்டில் பஞ்சம், நாலைந்து இடத்தில் சண்டை. அவரவர் வீடு எரியும்போது அடுத்தவன் ஏரியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவார்கள்? பிடிவாதம் பிடித்ததோ நம் ஏரிக்கு இருபுறமும் நின்று சுட்டுக்கொள்ளும் இரண்டு கரைக்காரர்கள்தான். மேல்கரை நாட்டுக்கு ஒரு அம்மாள், கீழ்கரை நாட்டுக்கு ஒரு பெரியவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை.

நேற்று மாலை ஆறு மணியோடு மாநாடு முடிய வேண்டும் என்பது விதி. விட்டால் அடுத்த கூட்டம் இரண்டு வருடம் கழித்து. ஆனால் இவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. நேரம் போதாவிட்டால் அரங்கத்துக் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். கடிகாரம் ஆறு காட்டாதவரை ஆறு ஆகவில்லை என்று அர்த்தம். சிரிக்காதீர்கள், எல்லோரும் படித்தவர்கள். ஐந்து ஐம்பதுக்கு மாநாட்டுத் தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அரங்கத்துக் கடிகாரத்தின் ஒயரை மட்டும் பிடுங்கியிருக்க வேண்டும். நானோ பதற்றத்தில் கீழ்த்தளத்துக்கு ஓடி, தாய்க் கடிகாரத்தையே நிறுத்திவிட்டேன். கட்டடத்தின் எல்லாக் கடிகாரமும் அதன் சொல் கேட்டுத்தான் ஓடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் அறை, காவலர் மேசை, கேன்டீன், நடைபாதை, எல்லாம் ஐந்து ஐம்பதில் நின்றுவிட்டன. செய்தது புரிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் பக்கம் ஓடினேன்.

கீழ்கரைப் பெரியவர் பேச்சுவார்த்தையைக் கைகழுவிவிட்டு ஊருக்குக் கிளம்பப் பெட்டியோடு கேன்டீனில் இருந்தார். ஆறேகாலுக்கு அவருக்குக் கார். கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வெளியே வந்து நடைபாதைக் கடிகாரத்தையும் பார்த்தார். “இது மறுபடியும் மக்கர் பண்ணுது” என்று சொல்லி, தன் கைக்கடிகாரத்தைத் திருகிப் பின்னால் வைத்துவிட்டு இன்னொரு காபி வாங்கினார். காரோட்டி வந்து கேட்டதற்கு, வாசல் காவலர் சுவரைக் காட்டி, இன்னும் ஆறே ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அப்போது மேல்கரை அம்மாள் டீயோடு வந்தார். சர்க்கரை பெரியவர் மேசையில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டார். பெரியவர் தள்ளிக் கொடுத்துவிட்டு, “உங்க பக்கம் டீ எப்படி இருக்கு?” என்றார். “மண்ணெண்ணெய் நாத்தம். உங்க பக்கம்?” “அதேதான். பேத்தி தண்ணியே குடிக்க மாட்டேங்கறா.” இருவருக்கும் ஒரே மொழி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மூன்று வாரமும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் ஏணியில் ஏறி, ஒழுங்காக எரிகிற விளக்கை மூன்று முறை கழற்றி மாட்டிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இருவரும் ஒன்றாக அரங்கத்துக்குள் போனார்கள். ‘முடிந்தவரை’யைப் பெரியவரே தன் பேனாவால் அடித்தார். மற்ற நாடுகள் கையெழுத்திட மாதக்கணக்காகும். இந்த இருவரும் மட்டும் திங்கட்கிழமை முதலே அமலுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நேரம் ஐந்து ஐம்பது என்று குறிப்பேட்டில் ஏறியது. வெளியே இருட்டிவிட்டிருந்தது. பெரியவர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னிடம் வந்தார். “அம்மா, உங்க கடிகாரம் சரியில்லை” என்றார். சரிசெய்துவிடுகிறேன் ஐயா என்றேன். “அவசரமில்லை, மெதுவா பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் ஏணிமேல் நின்று விசிலடிக்காத குறையாகக் கை தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. பதினொரு வாரமாக உங்களைக் கரையில் உட்கார்த்தி வைத்தது இந்தப் பிரிவு நிறைவேறாததுதானே. நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று கேலி பேசிக்கொண்டே நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை கிளம்பும் முதல் படகில் யார் ஏறுவார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏறாதீர்கள் என்று எழுதமாட்டேன். எழுதினாலும் கேட்கிற ஆளா நீங்கள்?

ஆனால் பிரிவில் ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்யும் படகு இரு கரைக்கும் தெரியும்படி ஆரஞ்சு நிறக் கொடி கட்ட வேண்டுமாம். அளவு சொல்ல மறந்துவிட்டார்கள். இன்று துணிக்கடை திறந்ததும் பன்னிரண்டு மீட்டர் வாங்கி, ஒரு ஓரத்தை நானும் மறு ஓரத்தை மகளுமாகத் தைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறோம். அவள் பக்கம் தையல் கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். படகைவிடக் கொடி பெரிது என்று உங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிக்கட்டும்.

ஏரி தெளியட்டும். கொடியை முழுவதும் விரித்துக் கட்டுங்கள். ஒரு சாண்கூட மடிக்காதீர்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
மனைவியும் மகளும்