வக்கீலை அனுப்பிய டாக்டர்

கல்கூர்லி, ஜூன் 1953

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் வயிற்றுப்புண் ஆறிவருவதாக எழுதியிருந்தீர்கள், ஆறுதலடைந்தேன்.

சென்ற வாரம் டாக்டர் பாஸ்கோ என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்து, சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு உயில் எழுதச் சொன்னார். பெயரைக் குறிப்பிடுவது முறையன்று. புற்றுநோய் என்பதை வழக்கப்படி மனைவியிடம் மட்டுமே டாக்டர் தெரிவித்திருந்தார். நானும் மறைக்க இசைந்தேன்.

என்னைக் கண்டதும் நோயாளி சிரித்தார்.

“வயித்துப்புண்ணுக்கு டாக்டர் மருந்துல்ல தருவாரு, வக்கீலையா அனுப்புவாரு? உக்காரு தம்பி. எனக்குத் தெரியும்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதே. பாவம், நல்லாவே நடிக்கிறா.”

இங்கே ஜூன் மாதக் குளிர் கடுமை. என் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். அப்பாவின் டாக்டர் உங்களிடம் தனியே ஏதேனும் சொல்லியிருப்பின், எனக்கு மறைக்காமல் எழுதுங்கள். தபால் ரயிலுக்கு நேரமாயிற்று. இக்கடிதம் அப்பாவின் கண்ணில் பட வேண்டாம்.

தங்கள் மகன்,
ஆல்வின்